ட்ரேஸின் இடுப்புத் துண்டு

டெக்சாஸில் ஒரு சிற்றூர்ப் பள்ளி. அங்கே அமெரிக்கக் கால்பந்து அணியின் உடைகளைப் பதினெட்டு வருடமாகத் துவைப்பவள் வெர்லீன். வாய் அதிகம் பேசாது, கண் எல்லாவற்றையும் பார்க்கும்.

அந்த வருடம் அணி முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. பந்தை எறியப்போகிறார்களா, கையில் கொடுத்து ஓடவிடப்போகிறார்களா என்பது எதிரணிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. துணைப் பயிற்சியாளர் டோல்பர்ட்தான் துப்புக் கொடுக்கிறார் என்று ஊர் முணுமுணுத்தது. வெர்லீனும் துவைக்கும்முன் அவர் சட்டைப்பையைத் துழாவினாள். மிட்டாய்க் காகிதம்தான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலியோரம் நின்று பார்த்தாள். பந்தை எறிவதும் கையில் கொடுப்பதும் குவார்ட்டர்பேக் ட்ரேஸின் வேலை. அவன் எறிவதற்கு முன்னால் மட்டும் இடுப்பில் செருகிய துண்டில் கையைத் துடைத்தான். மற்ற நேரம் துண்டைத் தொடவேயில்லை.

மறுநாள் காலை தலைமைப் பயிற்சியாளர் ஹாஸ்கல், டோல்பர்ட்டின் வேலைநீக்கக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார். வெர்லீன் அவர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"கோச், அவர் மேல தப்பில்ல. ட்ரேஸோட துண்டைக் கவனிங்க."

"நீ எனக்கு ஆட்டம் சொல்லித்தர்றியா, வெர்லீன்?"

"ஆட்டம் தெரியாது கோச். அழுக்கு எப்ப ஒட்டுதுன்னு தெரியும்."

ஹாஸ்கல் ஆட்டப் பதிவைப் போட்டுப் பார்த்தார். ஒன்பது முறை துடைத்தான், ஒன்பது முறையும் எறிந்தான். கடிதத்தைக் கிழித்தார்.

திங்களன்று டோல்பர்ட் சிரித்தபடி அழுக்குச் சட்டையை நீட்டினார். அவர் பையைத் துழாவியது நினைவுக்கு வர, வெர்லீன் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.