பால் நிறத்துத் தண்ணீர்

துஃபூல் தரையில் சாக்கை விரித்துக் குந்திரிக்கத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். வெளுத்த கட்டி ஒரு தட்டில், பழுத்தது இன்னொன்றில், பட்டை ஒட்டியது கூடையில். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் விரல்களுக்கு இதுதான் வேலை. ஓமானின் சலாலாவில் சாரல் பிடித்துவிட்டது. மலையிலிருந்து இறங்கிய மூடுபனி ஜன்னலோரம் வந்து நின்றது.

மரத்தைச் சீவினால் பாலாய்க் கசியும்; பாலுக்குரிய அரபுச் சொல்லிலிருந்தே குந்திரிக்கத்துக்கு லுபான் என்ற பெயர் பிறந்தது என்பார்கள் அங்கே. நல்ல கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் விடிவதற்குள் தண்ணீரும் வெளுத்துவிடும். வயிற்று வலிக்குப் பிள்ளைகளுக்குப் புகட்டுவார்கள்.

எதிரே தங்கை பகீத்தா காப்பிக் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை எம்புள்ள முசல்லமுக்கும் உம்பொண்ணு தும்னாவுக்கும் நிக்காஹ். எழுதுறவர் கேப்பாரு. நான் காய்ச்சல்ல கெடந்தப்போ அவன் கைக்குழந்தையா உங்கிட்டதானே இருந்தான். பால் குடுத்தியா?"

ஒரே மார்பில் குடித்தவர்கள் உடன்பிறப்பு. அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது.

"லுபான் தண்ணிதான் குடுத்தேன்னு நெனைக்கிறேன்."

"சாக்கு நெறைய இருந்தாலும் ஒரு துண்டுப் பட்டையக் கண்டுபிடிக்கிறவ நீ. இது மட்டும் நெனப்பாக்கும்?"

அடுத்த அறையில் தும்னா எதையோ முணுமுணுத்துப் பாடியபடி கல்யாணத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

தங்கை காய்ச்சலில் கிடந்ததும் சாரல் காலம்தான். வீட்டுக்குள்ளேயே பனி படுத்திருந்தது போல இருக்கும். ஒரு பக்கம் தும்னா, மறு பக்கம் முசல்லம். இருட்டில் ஒரே கனம், ஒரே சூடு. எது அழுததோ அதைத் தூக்கத்திலேயே மார்போடு அணைத்துக்கொண்டாள். தலைமாட்டில் வெள்ளைத் தண்ணீர்க் கிண்ணம். விடிந்ததும் பார்ப்பாள்: வைத்தது வைத்தபடி நிறைந்தே இருக்கும். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

துஃபூல் எழுந்தாள். தூபக்காலில் கனலை வைத்து, தட்டிலேயே ஆக வெளுத்த கட்டியை அதன்மேல் போட்டாள். தூபக்கால் வந்தால் விருந்து முடிந்தது. விருந்தாளி கிளம்ப வேண்டும்.

"என்னக்கா இது? நான் இன்னும் கோப்பைய ஆட்டவே இல்ல, போதும்னு சொல்லவே இல்ல. அதுக்குள்ள தொரத்துறியா?"

துஃபூல் தூபக்காலைத் தங்கையின் முக்காட்டுக்குள் நீட்டினாள். பகீத்தா பழக்கத்தில் கண்ணை மூடிக் கைகளையும் விரித்துக் கொடுத்தாள். புகை இருவரையும் ஒன்றாக மூடியது.

"அவரு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

துஃபூல் கனலை ஊதினாள்.

பகீத்தா கோப்பையைச் சாக்கின் ஓரத்தில் வைத்தாள். பிறகு அடுத்த அறைப் பக்கம் திரும்பாமலே, உடையெல்லாம் புகை மணக்க, வெளியே போனாள்.