டீ நேரத்துக் கச்சேரி

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அங்கே வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதினொரு பிள்ளைகள். பெரியதுக்கு ஐந்து வயது. சின்னதுக்கு மூன்று.

கச்சேரி என் யோசனை இல்லை. கோயில் நோம்பியில் கச்சேரி பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் மறுநாள் காலையிலேயே பிடித்துக்கொண்டன.

"ஆயம்மா, நாங்களும் கச்சேரி வெக்கறோம்."

"ஆரு கேக்கறது?"

"கம்பெனில இருக்கறவீங்க அல்லாரும்."

மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "டீ டைம்ல வெச்சுக்குங்க. மறுபடி பெல் அடிச்சா மெஷின் லைன் ஓடோணும்" என்றார். பதினைந்து நிமிடம்.

காலி நூல் கோன்கள் மைக் ஆயின. அட்டைப்பெட்டிகள் மேளம். யார் முதலில் என்று இரண்டு நாள் சண்டை. தைத்த பீஸைச் சரிபார்க்கிற செக்கிங் அக்காவின் மகள்தான் அதை முடித்தாள். எல்லாரையும் சுவரோரம் நிறுத்தினாள். "இதுதான் லைன். முடிச்சவீங்க எங்கிட்ட வரோணும். நா ஓகே சொன்னாத்தான் போகோணும்."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. வேலை என்றால் அப்படித்தான் நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை.

கடைசி இடம் மூன்று வயதுக்காரிக்கு. ஒடிசாவிலிருந்து வந்த அயர்ன் மாஸ்டரின் மகள். தமிழ்ப் பாட்டு அவளுக்கு வரவில்லை. சோற்றுத் தட்டில் கரண்டியால் ஒரே ஒரு அடி. அதோடு கச்சேரி முடிய வேண்டும். அந்த ஓர் அடிக்கு ஒரு வாரம் பழகினாள். காலையில் அவளை விட வரும்போதெல்லாம் அவள் அப்பா, "என்னிக்கு அக்கா?" என்பார்.

அந்த நாள் வந்தது. டீ பெல் அடித்ததும் டம்ளரோடு அத்தனை பேரும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் பையன் நாய்க்குட்டிப் பாட்டில் ஒரு வரியை விட்டுவிட்டான். செக்கிங் அக்கா மகள் கையை நீட்டினாள்.

"ஆல்டர். திரும்பிப் போ."

தையல் கோணினால் பீஸை அப்படிச் சொல்லித்தான் திருப்பி அனுப்புவார்கள். பையன் போய் மறுபடி பாடினான். கூட்டம் சிரித்தது.

"ஏனுங்க அக்கா, உங்களைக் காட்டியும் உங்க புள்ள மோசமுங்க" என்றார் ஒரு டெய்லர்.

"எம்பட புள்ளையாச்சுங்களே" என்றாள் அம்மாக்காரி.

அடுத்தவன் மேளம் தட்டினான். ஆல்டர். அடுத்தவள் ஆடினாள். பாவாடை நாடா தொங்கியது. ஆல்டர். ஒருவனுக்கு மூன்று தடவை.

"விடு கண்ணு, நேரமாச்சு" என்றேன்.

"குவாலிட்டி வேண்டாமுங்களா?" என்றாள். கூட்டம் கைதட்டியது.

இன்னும் இரண்டு பேர் பாக்கி. அவர்களுக்குப் பின்னால் தட்டோடு அந்தச் சின்னது. பெல் அடித்துவிட்டது.

டம்ளரை வைத்துவிட்டு எல்லாரும் உள்ளே போனார்கள். அயர்ன் மாஸ்டர் மட்டும் நின்றார். உள்ளே அவர் மேசை மேல் பீஸ் குவிந்து கிடந்தது. மகளைப் பார்த்தார். போய்விட்டார். அவள் அழவில்லை. ஓங்கிய கரண்டியோடு அப்படியே நின்றாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மற்ற பத்தும் அட்டைப்பெட்டிகளோடு பின்னாலேயே. ஊசி கிடக்கும் என்று பிள்ளைகளைத் தையல் ஷெட்டுக்குள் விடமாட்டார்கள். வாசலிலேயே நின்றேன். சூப்பர்வைசரின் கை லைன் சுவிட்சில் இருந்தது. மெஷின்கள் இன்னும் ஓடவில்லை.

"ஒரு அடிங்க. ஒண்ணே ஒண்ணு" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார். சுவிட்சைப் போடவில்லை.

"அடி கண்ணு."

அடித்தாள். ஷெட் முழுக்கக் கேட்டது. தூர மூலையில் அவள் அப்பா அயர்ன் பாக்ஸைத் தலைக்கு மேல் தூக்கி நீராவியைப் பீய்ச்சினார். புஸ்ஸென்று மேலே போனது. என் இடுப்பில் அவள் துள்ளினாள். மறுபடி அடித்தாள். மறுபடி ஆவி. அதற்குள் மற்ற பிள்ளைகள் அட்டைப்பெட்டிகளைத் தட்ட ஆரம்பித்துவிட்டன.

"ஒண்ணுன்னு சொன்னீங்க" என்றார் சூப்பர்வைசர்.

"ஆமாங்க" என்றேன்.

இன்னும் ஒரு தடவை ஆவி போனது. அப்புறம்தான் லைன் ஓடியது.