நாலு குடித்தனமும் ஒரு குழாயும்

சிவப்புத் தரையில் சுண்ணாம்புத் துண்டால் கோடு இழுத்து, நெடுக்கே நாலும் குறுக்கே நாலுமாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புளியங்கொட்டையை வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கணக்காபீஸ் மாமிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறாள். பார்த்தவர்கள் தாயக்கட்டம் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் குடித்தனம் பவானிப்பூரில் நிலைக்குமா, அல்லது நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு கும்பகோணத்துக்கு ரயில் ஏற வேண்டியதுதானா என்பதை அந்தக் கட்டத்தில் அவள் தீர்த்துக்கொண்டிருந்தாள். தீர்ந்துவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எனக்குத்தான் இருந்தது.

அந்த நாளில் உத்தியோகத்துக்காகக் கல்கத்தா வந்த தமிழ்க் குடும்பங்களில் பெண்களுக்குச் சொந்தப் பெயர் புழங்கியதே இல்லை. புருஷன் வேலை பார்க்கும் ஆபீஸ், இல்லாவிட்டால் பிறந்த ஊர், இரண்டில் ஒன்றுதான் பெயர். என்னைப் பாங்கிக்காரப் பெண் என்றார்கள். கணக்காபீஸ் மாமி என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள். இருந்தாலும் முதல் நாளே மாமி ஆகிவிட்டாள், அவள் நடையும் குரலும் அப்படி. கிடர்பூர்த் துறைமுகத்தில் சுங்க வேலை பார்த்தவரின் மனைவி கிடர்பூர்க்காரி. நாலாவது, எங்கள் எல்லோரையும்விட வயதில் பெரிய தஞ்சாவூர் அம்மாள். அவளுக்குப் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. அவள் புருஷன் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் இருந்தார்.

புருஷன் பெயரை வாயால் சொல்வது வழக்கமில்லை என்பதால் ராமநவமி பஜனைக்கு ஊர்ப்பட்ட குடும்பங்கள் கூடும்போது யார் யாருடைய மனைவி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவே முடியாது. கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, "அதோ, தூண் ஓரத்துல இருக்காரே" என்பார்கள். தூண் ஓரத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். கணக்காபீஸ் மாமி யாரையும் கேட்க மாட்டாள். பாட்டு முடிவதற்குள் கழித்துக் கழித்தே கண்டுபிடித்துவிடுவாள். "நீலப் புடவைக்காரி அந்தக் கண்ணாடிக்காரர் ஆத்துக்காரி இல்லே. அவர் எழுந்து வெளியே போனார், இவ திரும்பிக்கூடப் பாக்கலே. குடுமிக்காரருக்கும் இல்லே, இவ குழந்தை அவரைக் கண்டா அழறது. அப்போ மிச்சம் யாரு? அந்த இருமல்காரர்தான்" என்று என் காதில் சொல்வாள். பிரசாதம் வாங்கும்போது பார்த்தால் நீலப் புடவைக்காரி இருமல்காரருக்குப் பின்னால்தான் நடந்து போவாள். "ஆமாங்கறது எது எதுன்னு தேடாதேடீ. இல்லேங்கறதை ஒவ்வொண்ணா ஒதுக்கு. ஆமாங்கறது தானே வந்து நிக்கும்" என்பாள். அவளுக்கு இது பொழுதுபோக்கு. எங்களுக்கு அவளை மிஞ்சிய வேடிக்கை வேறில்லை.

நாங்கள் நாலு குடித்தனமும் இருந்தது வங்காளி விதவை ஒருத்தியின் வீட்டில். மாஷிமா என்று அழைப்போம். மாடியில் அவள், வக்கீல் மகன், மருமகள், அந்த வருஷம் பிறந்த பேரன். கீழே நாங்கள். முற்றத்தில் ஒரே ஒரு குழாய். காலையில் நீர் வந்தால் ஒன்பதரை மணிக்குள் நின்றுவிடும், மறுபடி மத்தியானம்தான். அந்தக் குழாயடியில் நடந்த சண்டைகளைச் சொல்லி மாளாது. தஞ்சாவூர் அம்மாள் குழாயின் உள்ளே தோல் வளையம் இருக்கிறதென்று முதல் வருஷம் அதைத் தொடவேயில்லையாம். தொடத் தொடங்கிய பிறகு, தனக்கு முன்னால் இன்னொருத்தி தொடக்கூடாது என்று ஆரம்பித்தாள். கிடர்பூர்க்காரி, "துறைமுகத்துல சங்கு ஊதினா எங்காத்துக்காரர் நிக்க மாட்டார், உங்க மடி அவருக்குச் சோறு போடுமா?" என்று குடத்தை முன்னால் நகர்த்துவாள். ஒரு நாள் காலை இரண்டு குடங்களும் இடித்துக்கொண்டு உருண்டு, நீர் வாய்க்கால் மீறிப் போய் மாஷிமாவின் அரிசி அறைக்குள் புகுந்துவிட்டது.

மாஷிமா படியில் நின்று பேசினாள். வங்காளி எனக்கு அப்போது அரைகுறை, ஆனாலும் ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் புரிந்தது. பௌஷ மாதத்தில், அதாவது நம் மார்கழியில், யாரையும் வீட்டைவிட்டு அனுப்பும் பழக்கம் அவர்களுக்கில்லை. ஆகையால் சங்கராந்தி வரை பொறுப்பாளாம். அதற்குள் குழாயடியில் அமைதி வராவிட்டால் கடைசியாக வந்த குடித்தனம் காலி செய்ய வேண்டும். கடைசியாக வந்தது நாங்கள். என் கணவர் அன்றைக்குச் சாயங்காலம் ரொம்ப நிதானமாக, "உன்னை ஊர்ல கொண்டுவிட்டுட்டு நான் மெஸ்ஸுக்குப் போயிடறேன்" என்றார். கல்யாணமாகி மூன்று வருஷம் மாமியார் வீட்டில் காத்திருந்து அப்போதுதான் அவரோடு சேர்ந்திருந்தேன். எனக்கு அந்தச் சந்தும், ட்ராம் மணியும், அவர் திரும்பி வரும் நேரமும் உயிராக இருந்தன. திரும்பிப் போக நான் துளியும் தயாராக இல்லை. மறுநாள் கணக்காபீஸ் மாமியின் அறையில் போய் உட்கார்ந்து அழுதேன். அவள் அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை. சுண்ணாம்புத் துண்டை எடுத்தாள்.

முதலில் எங்கள் நாலு பேருக்கும் ஆளுக்கொரு வரிசை. குறுக்கே முதல் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை, கடைசி முறை. எது முடியாதோ அந்தக் கட்டத்தில் புளியங்கொட்டை. "எது வேணும்னு நான் யாரையும் கேக்கலே, எது முடியாதுன்னுதான் கேட்டேன்" என்றாள். குடம் உருண்ட நாளிலிருந்தே ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். கிடர்பூர்க்காரிக்கு முதல் முறை தவிர எதுவும் முடியாது. தஞ்சாவூர் அம்மாளுக்கும் அதேதான். கணக்காபீஸ் மாமியின் கணவர் எட்டரைக்குச் சாப்பிட உட்காருவார், அவளுக்கு மூன்றாவதும் கடைசியும் முடியாது. என் கணவர் ஒன்பதுக்குச் சாப்பிடுவார், எனக்குக் கடைசி மட்டும் முடியாது. கொட்டைகளை வைத்துக்கொண்டே வந்தாள். கடைசி முறைக்குக் கீழே நாலு கட்டத்திலும் கொட்டை விழுந்தது.

"போச்சு, வழியே இல்லே" என்றேன் நான்.

"வழி இல்லாம எங்கே போகும்? ஒரு பத்தி முழுக்க இல்லேன்னு வந்தா, யாரோ ஒருத்தர் சொன்ன 'இல்லே' நிஜமான 'இல்லே' கிடையாது. அவ்வளவுதான்" என்றாள். அதைச் சொன்னபோது அவளுக்கு உற்சாகமே வந்துவிட்டது.

பிறகு ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டுப் பார்த்தாள். கிடர்பூர்க்காரியின் புருஷன் விடிந்ததும் கிளம்புவதை எல்லோரும் பார்க்கிறோம், அது நிஜம். எங்கள் இருவர் வீட்டுச் சாப்பாட்டு நேரமும் நிஜம். தஞ்சாவூர் அம்மாள் வீட்டிலோ கம்பெனி பதினொரு மணிக்கு, பத்துக்குத்தான் அடுப்பே பற்றவைப்பாள். "அப்போ மடிக்காகத்தானே முதல் முறை கேக்கறா?" என்றேன். மாமி சிரித்தாள். "விடிகாலம் அவ தொடற குழாய் முந்தின நாள் சாயங்காலம் யார் தொட்ட குழாய்? கிடர்பூர்க்காரி தொட்டது. புளி போட்டுத் தேய்ச்சா சுத்தமாயிடறதுன்னா, அது எந்த முறையிலும் ஆகும். இவளுக்கு அந்தக் கடைசி நேரம் வேண்டாம். ஏன் வேண்டாம்? அந்த நேரத்துல இவ எங்கே இருக்கா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது, எட்டு மணிக்கு மேல் தஞ்சாவூர் அம்மாளை யாரும் பார்ப்பதில்லை. மாமி மறுபடி ஒதுக்க ஆரம்பித்தாள். சமையலறையில் இல்லை, அடுப்பு எரியவில்லை. மொட்டை மாடியில் இல்லை, அந்த நேரம் நான்தான் அங்கே துணி உலர்த்துகிறேன். வாசலில் இல்லை, கிடர்பூர்க்காரி காய்காரியோடு பேரம் பேசிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாள். முற்றத்தில் மாமியே இருக்கிறாள். அம்மாள் ஒன்பதுக்கு மேல் ஆதிகங்கையில் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு திரும்புவாள், அது எல்லோருக்கும் தெரியும், அதிகப்படி ஆசாரம் என்று நாங்கள் கிசுகிசுப்போம். ஆனால் அதற்கு முன்னால்? இந்த வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே இடம்.

"மாஷிமா வீடா? மீன் வாசனை வந்தாலே ஜன்னலைச் சாத்தறவளாச்சே!" என்றேன்.

"மாஷிமா அந்த நேரம் காளிகாட்டுக் கோயிலுக்குப் போயிருப்பா. பிள்ளை கோர்ட்டுக்குக் கிளம்பறான். மருமகள் குளிக்கப் போகணும், சமைக்கணும். குழந்தையை யார் பாத்துக்கறது? போன வாரம் படியிறங்கி வந்தப்போ அம்மாள் மேல கடுகெண்ணெய் வாசனை. அவ சமையலறைக்குள்ள கடுகெண்ணெய் வராது. வங்காளிகள் குழந்தைக்கு அதைத்தான் தேய்ப்பா."

மீன் சமைக்கும் வீட்டில், குளிரில், குளிக்காத வங்காளிக் குழந்தையை எடுத்து வைத்துக்கொண்டு தஞ்சாவூர் அம்மாள் உட்கார்ந்திருக்கும் காட்சி என் கண் முன்னால் வந்தது. வருத்தமும் வந்தது, கூடவே கோபமும் வந்தது. எங்களையெல்லாம் தீட்டு தீட்டு என்று விரட்டியவள் இவள்தானே! "நாலு பேர் முன்னால இதைச் சொல்லுங்கோ மாமி, அடுத்த நிமிஷம் அவ வாயை மூடிண்டு கடைசி முறையை எடுத்துப்பா" என்றேன்.

"எடுத்துப்பா. அப்புறம் மாடிக்குப் போக மாட்டா" என்றாள் மாமி. "எனக்குக் கணக்கு நேராகணும்டீ. ஆனா அதுக்காக அவளோட அந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்கணும்னு இல்லே." கட்டத்தைக் கையாலேயே அழித்துவிட்டாள். அவளை எனக்கு அதுவரை பிடித்திருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து அவளிடம் மரியாதை வந்தது.

சங்கராந்திக்கு முன்னால் ஒரு மத்தியானம் எல்லோரையும் குழாயடியில் கூட்டினாள். மாஷிமா மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமி நேராகத் தஞ்சாவூர் அம்மாளைப் பார்த்துப் பேசினாள்:

"மாமி, முதல் முறைன்னு பிடிவாதம் பிடிக்கறேளே, அதுல மடி எங்கே இருக்கு? நீங்க ஜலம் பிடிச்சு நகர்றதுக்குள்ள எங்க மூணு பேர் குடமும் இடிக்கறது. கடைசியா வாங்கோ. முற்றத்தை அலம்பி, குழாயைத் தேய்ச்சு, இங்கேயே ஸ்நானம் பண்ணி, ஈரத்தோட பிடிச்சுண்டு போங்கோ. உங்களுக்கு அப்புறம் மத்தியானம்வரை தொட ஆளே இல்லே. அந்த பாக்கியம் எங்களுக்குக் கிடையாது, ஆபீஸ் துரத்தறது. இந்தக் குளிர்ல ஆதிகங்கைவரைக்கும் எதுக்கு நடக்கணும்?"

"ஒன்பது மணிவரைக்கும் குளிக்காம இருக்காளேன்னு கேக்க மாட்டாளா?" என்றாள் அம்மாள் மெதுவாக.

"யார் கேக்கறது? நாங்க மூணு பேரும் கேக்க மாட்டோம். நாலாவது ஆள் கீழ்க்கட்டுல கிடையாது."

அம்மாள் அவளையே பார்த்தாள். "நீ தெரிஞ்சு சொல்றியா, தெரியாம சொல்றியா?"

"எனக்குக் குழாயைத் தவிர ஒண்ணும் தெரியாது மாமி."

ஒன்றும் விளங்காத கிடர்பூர்க்காரி, தனக்கு முதல் முறை கிடைத்த சந்தோஷத்தில், "மடின்னா கடைசி முறைதான் மாமி, நான்கூட அதைத்தான் சொல்லணும்னு இருந்தேன்" என்று ஒத்து ஊதினாள். மிச்சமிருந்தது சுலபம். கணக்காபீஸ் மாமிக்கு மூன்றாவது ஆகாது, ஆகவே இரண்டாவது அவளுக்கு, மூன்றாவது எனக்கு. சங்கராந்தியன்று மாஷிமா நாலு வீட்டுக்கும் பிட்டே செய்து அனுப்பினாள். வெல்லமும் தேங்காயும் வைத்த கொழுக்கட்டை மாதிரி இருக்கும். தஞ்சாவூர் அம்மாள் தன் பங்கைத் திருப்பி அனுப்பவில்லை என்பதை நானும் மாமியும் மட்டும் கவனித்தோம்.

இன்றைக்கு என் வீட்டில் அறைக்கு அறை குழாய் இருக்கிறது. என் நாட்டுப்பெண்கள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, யார் எப்போது குளித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நல்லதுதான். குழாயடிச் சண்டைக்கு நான் ஏங்கவில்லை. ஆனால் ஒருத்திக்கு எது முடியாது என்று முதலில் கேட்டு, அது ஏன் முடியாது என்று அவளை நோகடிக்காமல் யோசிக்கிற பெண்ணை அப்புறம் நான் அதிகம் சந்திக்கவில்லை. நான் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டேன் என்றால் அது அவள் போட்ட கட்டத்தால்தான்.

அடுத்த வருஷம் மார்கழியில் அந்த வீட்டிலேயே எனக்குப் பிள்ளை பிறந்தான். மாடிக் குழந்தை அதற்குள் நடந்து, ஓடி, தூக்கினால் திமிறும் வயதுக்கு வந்துவிட்டது. தீட்டுக் கழிந்த மறுநாள் காலை, ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் குடமுமாக என் முறைக்குக் கிளம்பினேன். முற்றத்தில் கணக்காபீஸ் மாமி குடத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள், கிடர்பூர்க்காரி வாசலில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள், காளிகாட்டுக்குக் கிளம்பிய மாஷிமா படியில் ஜபமாலையோடு நின்றாள். தஞ்சாவூர் அம்மாள் அவர்கள் எல்லோர் முன்னாலும், குளிக்காமல், முற்றத்தைத் தாண்டி நேராக என் வாசலுக்கு வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"கொடு. எனக்குக் கடைசி முறைதானே, அப்புறமா குளிச்சுக்கறேன்" என்றாள்.

நான் குழந்தையைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன்.