டீச்சரின் பழம்புடவை

தையல் டீச்சர் வளர்மதிக்குக் கோபம் மூக்குநுனியில். ஓய்வுபெற்ற பின் உத்திரமேரூர்ப் பெண்களுக்குத் துண்டுத்துணிகளை இணைத்து ஒட்டுப்போர்வை தைக்கக் கற்றுக்கொடுத்து, தைத்ததையெல்லாம் ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுத்துவந்தார். யாராவது பழந்துணியோடு வகுப்புக்கு வந்தால் வாசலோடு விரட்டுவார். எல்லாம் புதுத்துணியில்தான் தைக்க வேண்டும்.

ஒருநாள் பிரசவ வார்டுக்குப் போய்ப் பார்த்தால், போர்வைகள் மடிப்புக் கலையாமல் கட்டிலடியில் கிடந்தன.

"இன்னா திமிரு உங்களுக்கு?" என்று எகிறினார்.

"பொறந்த புள்ளைக்குப் புதுத்துணி ஆவாது டீச்சர்," என்றாள் குழந்தையோடு படுத்திருந்த திவ்யா. "நல்லபடியா வாழ்ந்தவங்க கட்ன பழம்பொடவைலதான் சுத்தணும். உங்க பொடவ ஒண்ணு குடுங்களேன்."

சின்ன வயதிலேயே கணவனை இழந்து, எந்த நல்ல காரியத்திலும் பின்வரிசையிலேயே உட்கார்ந்து பழகிய டீச்சர், அன்று மாலையே தன் பழம்புடவை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பி வந்தார்.