அக்காவின் வசனம்

ஜகதீசன் மல்காஜ்கிரியில் வளர்ந்தவன். வீட்டில் தமிழ், பிழைப்பு தெலுங்கில். தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதியே காதோரம் நரைத்துவிட்டது. திரையில் அவன் பெயர் யாரும் படிக்குமுன் ஓடிவிடும். சினிமாவுக்கு எழுதும் ஆசை மட்டும் அடங்கவில்லை.

அக்கா சகுந்தலா ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். கணவர் வேறொருத்தியோடு போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட வந்த தம்பியிடம் சொன்னாள்:

"கை தன்னால ரெண்டு தட்டு எடுத்துடுதுடா. ஒண்ணு சுத்தமாவே இருக்கும். அதையும் சேர்த்துக் கழுவி வைக்கிறேன்."

வேறு யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை.

அந்த வாரம் அவனுக்கு எழுத்து ஓடவில்லை. தொடரின் மூத்த மருமகள் வாயில் அதையே வைத்தான். தெலுங்கில்தானே எழுதுகிறோம், மொழி மாறினால் அக்கா பேச்சு ஆகாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

காட்சி பற்றிக்கொண்டது. ஊரெல்லாம் அதைக் கிண்டலாக நடித்து ரீல்ஸ் போட்டார்கள். சகுந்தலாவின் கேன்டீனிலும் ஒருத்தன் இரண்டு தட்டோடு நின்று மூக்கை உறிஞ்சினான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

அடுத்த முறை அவன் போனபோது அவள் சத்தம் போடவில்லை.

"நான் உன்கிட்ட தமிழ்ல சொன்னேன். கேன்டீன்ல யாருக்கும் புரியாத பாஷை. நீ எல்லாருக்கும் புரிய வச்சுட்டே."

ஜகதீசன் மறுநாளே இயக்குநர் ராகேஷிடம் போனான். அது தன் அக்காவின் வாழ்க்கை, அந்தப் பாத்திரத்தை முடித்துவிடலாம் என்று கெஞ்சினான்.

ராகேஷ் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நக்கோ பாய், வேணாம். இப்பதான் ஜனங்க பார்க்குறாங்க, எதுக்கு முடிக்கணும்? அக்கா வேற என்ன சொன்னாங்க?" பிறகு தோளில் தட்டினார். "ஒரு புரொட்யூசர் அந்த சீனைப் பார்த்துட்டு உன்னைக் கேட்டார். சினிமா."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "எப்ப பார்க்கணும்?" என்று வந்தது.

படம் வெளியானது, பெயரும் தனியாக வந்தது. யாராவது கைகுலுக்கினால் முகம் சுண்டிப்போகும்.

ஞாயிறுகளில் சகுந்தலா இன்னும் அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். தண்ணீர் லாரி வராததைப் பற்றி, மௌலா அலி பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறாள். சிநேகிதி பானு போனில் அழைத்தால் மட்டும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். உள்ளே அவன் தலை குனிந்து சாப்பிடுகிறான்.