நைனா போட்ட இரண்டாவது ஆன்டிவைரஸ்

என் அக்கா பெரம்பூரில் ஒரு ரயில்வே ஒர்க்‌ஷாப்காரரை லவ் பண்ணிக் கட்டிக்கொண்டாள். நாங்கள் காசிமேட்டில். நடுவில் ஒரு பஸ்தான். ஆனால் நைனா, "அவ இந்த வூட்டுப் படி ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான், அப்படி ஒரு வீம்பு. அம்மா மட்டும் போய் வருவாள். அம்மா கிளம்புகிற நாளில் நல்ல வஞ்சிரமாகப் பார்த்து எடுத்து வைத்துவிட்டு, "எங்க போணுமோ போ, என்னைக் கேக்காத" என்பார். கேட்டது யார்?

அக்காவுக்குப் பையன் பிறந்தான். மாமா டிஜிட்டல் கேமரா வைத்திருந்தார். குழந்தை தும்மினால் ஒரு போட்டோ, தூங்கினால் ஒரு போட்டோ. ஆபீஸ் முடிந்து வரும் வழியில் அக்கா வீட்டுக்குப் போய் அதையெல்லாம் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் போட்டு வைப்பேன். கணக்கு எழுதும் டேலி கற்றுக்கொள்ள நான் வாங்கிய கம்ப்யூட்டர் அது. டேலியைத் தவிர எல்லாம் அதில் நடந்தது.

"உங்கம்மாவுக்குக் காட்டு" என்பார் நைனா.

"நான் காலைல தான் அவனத் தூக்கி வச்சிகினு இருந்தேன். எனக்கு எதுக்கு?" என்பாள் அம்மா.

"பரவால்ல, இன்னொரு வாட்டி பாரு."

அம்மா நாற்காலியில் உட்காருவாள். நைனா பின்னால் நின்று, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். காய்ந்துபோன கையை எவ்வளவு நேரம்தான் துடைப்பது! எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன். கடலில் விசைப்படகு ஓட்டுகிற மனுஷன், சொந்தப் பேரனை இப்படித் திருட்டுத்தனமாகப் பார்க்கிறாரே என்று பாவமாகவும் இருக்கும்.

ஒருநாள் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர். எம்.கே.பி. நகரில் எனக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக் கொடுத்த கடைக்காரர், "பென் டிரைவ்ல வைரஸ் வந்துகினு கீது. ஒரு ஆன்டிவைரஸ் போட்டுக்கோம்மா" என்று போனில் சொன்னார். இதைக் கேட்டதும் நைனா சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கடைக்குக் கிளம்பிவிட்டார். கேட்டால், அந்தப் பக்கம் அவருக்கு வேறு வேலை இருக்கிறதாம்.

கடையில் அவர் விசாரித்த விசாரணை இருக்கிறதே, பழைய இன்ஜின் வாங்கும்போதுகூட அவ்வளவு குடைந்திருக்க மாட்டார்.

"வைரஸ் வந்தா போட்டோலாம் இன்னா ஆவும்?"

"அழிஞ்சாலும் அழிஞ்சிடும்ணா."

"இது பாத்துக்குமா?"

"பாத்துக்கும்."

"இதுவே கெட்டுப் பூட்ச்சின்னா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

நைனாவுக்கு எதுவும் ஒற்றையாக இருக்கக் கூடாது. படகில் நங்கூரம் இரண்டு, பேட்டரி இரண்டு, டார்ச் லைட்டும் இரண்டு. கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒன்று கெட்டுப்போனால் யாரைப் போய்க் கேட்பது என்பார். அதனால் கடையில் ஒரு சிடியை வாங்கிக்கொண்டு வந்தவர், மறுநாள் மூர் மார்க்கெட் பக்கம் போய் இன்னொரு கம்பெனி சிடியையும் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்.

"ஒண்ணு போதும் நைனா."

"ஒண்ணு தூங்கினா இன்னொண்ணு முழிச்சிகினு இருக்கும். போடு."

நியாயமாகத்தான் பட்டது. போட்டேன்.

அவ்வளவுதான். மவுஸை நகர்த்தினால் அம்பு அது பாட்டுக்கு ஆடி அசைந்து வந்தது. ஒரு ஆன்டிவைரஸ் இன்னொன்றைக் காட்டி இதுதான் வைரஸ் என்றது. மற்றது இதைக் காட்டியது. ரெண்டு நாள் இப்படிச் சண்டை போட்டுவிட்டு, மூன்றாவது நாள் கம்ப்யூட்டர் நீலத் திரையைக் காட்டிப் படுத்துவிட்டது. ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டு போனோம்.

சாயங்காலம் போனபோது கடைக்காரர் சந்தோஷமாக இருந்தார். "ஒரே வாசல்ல ரெண்டு நாயக் கட்டினா ஒண்ண ஒண்ணு கடிக்காம இன்னா பண்ணும்? ஃபார்மட் அடிச்சிட்டேன். இப்பப் புதுசாட்டம் ஓடுது பாருங்க."

"போட்டோ?" என்றார் நைனா.

"ஃபார்மட் அடிச்சா எல்லாமே பூடும்ணா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கேட்காமல் எப்படி அழிப்பீர்கள் என்று கத்தினேன். நைனா கத்தவில்லை. எப்போதும் கத்துகிறவர் அவர்தான். கம்ப்யூட்டரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாதான் சொன்னாள். "இதுக்குப் போயி ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீறீங்க? அவங்க வூட்டு கம்ப்யூட்டர்ல எல்லாம் அப்படியே கீது. சின்னவ போயி கேட்டு வாங்கியாந்துடுவா."

"நாளைக்கே வாங்கியாரேன் நைனா" என்றேன்.

அவர் கம்ப்யூட்டரை மேஜைமேல் இறக்கி வைத்தார். "கெடுத்தது நானு. நீ எதுக்குப் போயி கேக்குற? நம்பர் போட்டுக் குடு."

அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் செல்போனில் அக்கா நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரையும் தட்டிவிட்டு அவர் கையில் கொடுத்தேன்.

"சொல்லுடி" என்றாள் அக்கா, நான் என்று நினைத்து.

"நான்தாம்மா."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"போட்டோலாம் பூட்ச்சும்மா. நான்தான் ஒண்ணுக்கு ரெண்டா போடச் சொல்லி கெடுத்துட்டேன்."

"எந்தப் போட்டோ நைனா?" என்றாள் அக்கா.

"புள்ள போட்டோ. நான் டெய்லி பாத்துகினு இருந்தது."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதுக்கு இன்னா நைனா, எல்லாம் இங்க கீது. நாளைக்கே பென் டிரைவ்ல போட்டுத் தங்கச்சிகிட்ட குடுத்தனுப்பறேன்."

"வேணா வேணா. அதுலதான் வைரஸ் வருதாம்" என்றார் நைனா. "நீயே புள்ளய இட்டுகினு வந்துடு."