அய்யனாருக்கு ஒரு திரை

கோயில் வளாகத்தில் ஆடு, கோழி பலியிடக் கூடாது என்று சட்டம் இருந்த காலம். குன்னத்துக்கும் அரியலூருக்கும் நடுவே எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கும் இடத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. இன்று ஆடிப் பதினெட்டு; பருத்திக் காட்டோரக் கோயிலில் கருப்புசாமிக்குக் கிடா வெட்டப் போகிறார்கள். பக்கத்தில் இருக்கும் அய்யனாருக்கு முன்னால் இரண்டு பேர் பழைய வேட்டி ஒன்றை விரித்துப் பிடிக்கிறார்கள்.

கிடாவைப் பிடித்திருக்கும் பெண்ணிடம் கேட்கிறேன்.

“எதுக்கும்மா திரை?”

“அய்யனாரு சைவம் சார். உசுரு போறதப் பாக்க மாட்டாரு.”

“திரை போட்டா அவருக்குத் தெரியாதா?”

“தெரியாம இருக்குமா? அவரு மொகத்தப் பாத்துக்கிட்டு வெட்ட நமக்குத்தான் மனசு வராது. அதான் வருசத்துக்கு ஒரே கெடாவோட நிறுத்திக்கிறோம். இது எங்க வூட்டுக்காரரு பொழைச்சதுக்கு நேந்துக்கிட்டது.”

சொல்லிவிட்டு அவளும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இதையெல்லாம் காட்டுமிராண்டி மதம் என்று ஆபீசில் சொல்லிச் சொல்லியே ஓய்வுபெற்றவன் நான். ஒரு சாமி வெட்டச் சொல்ல, இன்னொரு சாமி வெட்கப்பட வைக்கும் மதத்தை எந்தத் தலைப்பில் சேர்ப்பது? ஆனாலும் பழக்கம் விடவில்லை. அரியலூரில் இறங்கியதும் பலியைத் தடுக்கக் கோரி மனு எழுதுகிறேன். விவரம் விடுபடக் கூடாதென்று திரையையும் குறிப்பிடுகிறேன்.

“மனுவில் கண்ட திரை அகற்றப்பட்டது, மற்றவை பரிசீலனையில் உள்ளன” என்ற பதில், அடுத்த ஆண்டு ஆடிப் பதினெட்டன்று வருகிறது.